அன்று உனக்குக் காய்ச்சல் இல்லை

ஸ்டான்வெல்
24.10.2025

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். நீயும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன். கந்தசஷ்டி விரதம் நேற்று முன்தினம் தொடங்கிவிட்டது. இரவில் பாலும் பழமும் மட்டும்தான். டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன், அதற்காக நீ கவலைப்படாதே.

தீபாவளிக்கு ரெலிபோன் எடுப்பாய் என்று பார்த்திருந்தேன். சியாட்டிலுக்கும் எங்களுக்கும் எட்டு மணித்தியாலம் வித்தியாசம், போதாக்குறைக்குத் திங்கட்கிழமை வேறு. வேலை இருந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை. ஆவணி மாதம் கதைத்ததுதான் கடைசி. நேரத்துக்குச் சாப்பிடு, அதுதான் எனக்கு வேண்டும்.

இந்தக் கடிதத்தை உன் வேலையிடத்து முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பின பொதி புரட்டாதியில் திரும்பி வந்துவிட்டது. முகவரி மாறியிருந்தால் புதியதை எழுது. மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன். வழக்கமாக இரண்டு கிலோ அனுப்புவேன். இந்த முறையும் இரண்டா, ஒன்று போதுமா என்று மட்டும் சொல். பழைய தூள் கிடந்து பழுதாகக் கூடாது என்றுதான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

சரி, பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது 84 வயது. தடி ஊன்றித்தான் நடக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் மூத்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் மண்டபத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவோம். இந்த வாரம் அங்கே, ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்தக் கொன்கோர்ட் விமானத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். அமெரிக்காவில் 1973 முதல் நிலத்துக்கு மேலே ஒலியைவிட வேகமாகப் பயணிகள் விமானம் பறக்கக் கூடாது என்று தடை இருந்ததாம். அதை எடுக்கச் சொல்லி ஆனியில் உத்தரவு போட்டுவிட்டார்கள். தை மாதம் கலிபோர்னியாப் பாலைவனத்துக்கு மேலே ஒரு சின்னச் சோதனை விமானம் ஒலியைத் தாண்டிப் பறந்ததாம். வெடிச்சத்தம் நிலத்துக்கு வரவில்லை என்று செய்தவர்கள் சொல்கிறார்களாம். உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். உன்னுடைய துறைதானே.

ஒரு பக்கத்தார், "அப்படி ஓர் அழகான பொருளை மனிதன் இனிச் செய்யப்போவதில்லை, மூன்றரை மணித்தியாலத்தில் நியூயோர்க்குக்குப் போனோம், இப்போது ஏழெட்டு மணித்தியாலம் ஆகிறது, உலகம் பின்னுக்கல்லவா போகிறது" என்றார்கள். மறுபக்கம் இருந்த மனுசி ஒருத்தி மேசையில் கையால் அடித்துச் சொன்னா: "போனோம் என்று சொல்கிறீர்களே, உங்களில் யார் போனது? இரண்டு நாட்டுச் சனத்தின் வரிப்பணத்தில் செய்து, நூறு பணக்காரரை ஏற்றிக்கொண்டு, எங்கள் காதைச் செவிடாக்கிவிட்டுப் போனது." எனக்கு அவ சொன்னதுதான் சரியென்று பட்டது. போகவர ஒரு டிக்கெட்டின் விலை அப்பாவின் வருடச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட வரும். அப்பா அதற்குச் சாப்பாட்டுப் பெட்டி ஏற்றினார், அவ்வளவுதான். ஆனாலும் அவரும் உன்னோடு சேர்ந்து அதற்குப் பைத்தியமாகத்தான் இருந்தார். அறுபதாயிரம் அடி உயரத்தில் பகலிலும் வானம் கறுப்பாய் இருக்கும், பூமி வளைந்திருப்பது தெரியும் என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி உனக்குச் சொல்லுவார்.

வாக்குவாதத்தில் பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒன்று வெளியே மழையில் நிற்கிறதே, 2000க்குப் பிறகு பறக்காதது, அதற்கு ஒரு கூரை போட்டால் போதும் என்று மட்டும் சொன்னார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளிக்கிழமையோடு கொன்கோர்ட் நின்று 22 வருடம். அன்றைக்கு உன் மகனுக்குக் காய்ச்சல், இல்லையா? பாவம் அந்தப் பிள்ளை."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, மகன். ரெலிபோனில் சொல்ல வராது. அதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் 1996 சித்திரையில் இங்கு வந்து இறங்கினோம். உனக்கு ஐந்தரை வயது. வந்த இரண்டாம் நாள் காலை பத்தரை மணி போல நான் குசினியில் நின்றேன். திடீரென்று அலுமாரிக்குள் கோப்பைகள் கிடுகிடுத்தன. அந்தச் சத்தம் காதால் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்சுக்குள் இறங்குகிற சத்தம். உன்னை இழுத்து மேசைக்குக் கீழே தள்ளி உனக்கு மேலே படுத்துக்கொண்டேன். நவாலியில் விமானம் குண்டு போட்டதற்குப் பிறகு எனக்கு அப்படித்தான், உனக்குத் தெரியும். நீ நழுவி எழும்பி யன்னலுக்கு ஓடிவிட்டாய். "அம்மா, கொக்கு! வெள்ளைக் கொக்கு!" என்று கையைத் தட்டினாய். நான் உன்னை அடித்தேன். அந்த அடி உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது.

பிறகு ஒவ்வொரு நாளும் அதே சத்தம். காலையில் ஒன்று, பின்னேரம் ஏழு மணி போல இன்னொன்று. எழும்புகிற நேரத்தில் இயந்திரத்துக்குப் பின்னால் இன்னும் எண்ணெயைக் கொட்டி எரிப்பார்கள், அதனால்தான் அந்த இரைச்சல் என்று அப்பா விளங்கப்படுத்தினார். விளங்கி என்ன, உடம்புக்கு விளங்கவில்லையே. நீ செருப்பும் போடாமல் தோட்டத்துக்கு ஓடுவாய். நான் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இறங்கும்போது மூக்கை ஏன் கீழே சாய்க்கிறது, பறக்கும்போது சூட்டில் உடம்பு எத்தனை அங்குலம் நீளுகிறது, எல்லாம் உனக்கு மனப்பாடம். எட்டு வயதில் அப்படி ஒரு பிள்ளை. எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருநாளும் உனக்குச் சொன்னதில்லை.

2000 ஆடியில் பாரிஸில் ஒன்று விழுந்து 113 பேர் செத்தபோது நீ சாப்பிடாமல் இருந்தாய். வேறொரு விமானத்திலிருந்து விழுந்த தகரத்துண்டு டயரை வெடிக்கவைத்தது, டயர்த்துண்டு எண்ணெய்த் தாங்கிக்கு அடித்தது, கொன்கோர்ட்டில் பிழை இல்லை என்று வாதாடினாய். பிழை இல்லாவிட்டால் பிறகு ஏன் தாங்கிக்கு உள்ளே கவசம் வைத்தார்கள், ஏன் டயரை மாற்றினார்கள் என்று நான் கேட்டேன். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

நீ சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. 1962 இல் பிரித்தானியாவும் பிரான்சும் எழுதின ஒப்பந்தத்தில் ஒருவர் தனியாக விலகிப்போக வழியே வைக்கவில்லையாம். இரண்டு வருடத்தில் இவர்களுக்கு விலக ஆசை வந்தும் முடியவில்லையாம். பெயரின் கடைசி எழுத்துக்கும் சண்டை. பிரெஞ்சுக்காரர் 'e' என்று ஓர் எழுத்துக் கூடப் போட வேண்டும் என்றார்கள், இவர்கள் கூடாது என்றார்கள். கடைசியில் 1967 இல் துலூசில் வைத்து இங்கிலாந்து மந்திரி டோனி பென் விட்டுக்கொடுத்தார். ஓர் எழுத்தைக் கூடப் போட்டதில் இவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. விமானமும் பறந்தது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். சும்மா நினைவு வந்தது. ஒருவர் ஒரு சொல் இறங்கிப் போனால் போதும் என்று அப்பாவும் சொல்லுவார். நேரத்துக்குச் சாப்பிடு. தனியே இருந்து சாப்பிடாதே, வேலையிடத்தில் யாருடனாவது இருந்து சாப்பிடு.

2018 இல் நான் வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் என்னை உங்கள் ஊர் விமான மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவள்தான் என் கையைப் பிடித்துப் படியேற்றினாள். உள்ளே எவ்வளவு ஒடுக்கம்! இரண்டிரண்டு கதிரை, யன்னல் என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். நீ அந்தக் கதிரையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு அவளுக்குச் சொன்னாய்: "கடைசியாகச் சனத்தை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்து இறங்கியது இதுதான். நான் பார்க்கவில்லை. அப்பா வருவேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை." அப்பா போய் அப்போது இரண்டு வருடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அப்பா அன்று விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். லீவு கேட்டேன், தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டரைக்கு வந்து பெடியனை விமான நிலைய வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போவார், அவனிடம் சொல்லிவிடு என்று. நான் உன்னிடம் சொல்லவில்லை. அன்று தீபாவளி என்று உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. இரண்டரைக்கு அந்த மனுசன் கமெராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். நீ மேலே குளித்துக்கொண்டிருந்தாய். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இருந்தாய். அப்பா இப்ப வருவார், இப்ப வருவார் என்று. நானும் "வருவார், இரு" என்றேன். நான்கு மணிக்கு ஒன்றன் பின் ஒன்றாகக் கடைசி மூன்று கொன்கோர்ட்டும் வந்து இறங்கின. நான்கைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நீ அழவும் இல்லை.

ஏன் செய்தேன் என்று 22 வருடமாக யோசிக்கிறேன். வேலிக்கு அவ்வளவு கிட்ட, அந்தச் சத்தத்துக்குக் கீழே என் பிள்ளை நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயம் என்று சொல்லலாம். ஆனால் முழுக்கப் பயமும் இல்லை. நான் செத்துச் செத்துப் பிழைக்கிற ஒரு சத்தத்துக்கு நீயும் அப்பாவும் சிரித்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்ற கோபமும் இருந்தது. அது நின்றுபோகிறதே என்று எல்லோரும் அழுகிற நாளில் எனக்குச் சந்தோசம். அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் "நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள்" என்று நீ கத்தினாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. "லீவு கிடைக்கவில்லை ராசா, அப்பாவை மன்னித்துக்கொள்" என்றார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. படுக்கும்போது மட்டும், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தோம், பெடியன் பார்த்திருக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எத்தனை மாதம் நீ அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை! அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதாவது நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சொன்ன சொல் தவறாத மனுசன், மகன். தவறினது நான்.

இதை வாசித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு. எடுத்து ஏசினாலும் பரவாயில்லை, எடு. உன் பக்கத்தில் என்ன நடந்திருந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். டொரோண்டோ மாமி ஏதோ சொன்னா, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ சொன்னால் கேட்பேன், சொல்லாவிட்டால் விடு. இரவில் குளிருக்குக் கோட்டுப் போடாமல் வெளியே போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்றுப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். அன்று அவர் வேலியடியில் நின்று எடுத்த படம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என்று அப்போதே இரண்டாவது பிரதி எடுத்து வைத்தாராம், பிறகு கொடுக்க மறந்துபோனாராம். மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு இறங்குகிறது. பின்பக்கம் உன் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறார், எழுத்துப் பிழையோடு. இதற்குள் வைத்திருக்கிறேன். மட்டை வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன், உறையைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி.

தூள் இரண்டு கிலோவா ஒன்றா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா