கடலோர ஊர்களில் கிராபிக்ஸ் கார்டின் மின்னழுத்தத்தைக் குறைத்துவைப்பது நல்லது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் கணினி சூடாவதைத் தவிர்க்க அறைக்கு ஏ.சி. போடுங்கள், கேபினட்டில் கூடுதலாக ஒரு ஃபேன் மாட்டுங்கள் என்று யோசனை சொல்லும் குறிப்புகள் வெயில் ஏறத் தொடங்கியதும் பத்திரிகைகளில் வருவது வழக்கம். அவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் எங்கள் கடற்கரையில் ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு செய்துபார்க்க வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. கணினியில் படத்தையும் வீடியோவையும் கணக்கிட்டுத் திரைக்குக் கொடுக்கும் பாகமான கிராபிக்ஸ் கார்டின் சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்துவைப்பதே அது. இந்தக் கரையோர ஊர்களில் கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு என்றதும் விளையாட்டுப் பிள்ளைகளின் சமாசாரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் அதிகமாக வருத்தப்பட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள்தான். கல்யாண மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்க டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளை ஓடவிட்டால், கார்டு தன் முழு பலத்தோடு மணிக்கணக்கில் உழைக்கிறது. கீழக்கரையில் ஒரு ஸ்டுடியோவில் நான் பார்த்தது இது: பத்துக்குப் பத்து அறை, உள்ளே 34 டிகிரி வெப்பம், என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் இழுத்துக்கொண்டு 81 டிகிரியில் நிற்கிறது, அதன் ஃபேன்கள் போடும் சத்தத்தில் நாகஸ்வரமும் மேளமும் சரியாகக் கலந்திருக்கின்றனவா என்று அந்தத் தம்பியால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஏ.சி. போட்டால் ஒழிய இதற்கு வழியில்லை என்று வாங்கிய கடையில் சொல்லிவிட்டார்களாம். மாதம் நான்கு கல்யாணம் கிடைத்தால் பெரிது என்றிருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

மின்னழுத்தத்தைக் குறைப்பது என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் வந்து ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைப் பதம் பார்த்த அனுபவம் இங்கே பல வீடுகளில் உண்டு. அந்த மின்னழுத்தம் வேறு, நான் சொல்வது வேறு. சுவரில் வரும் 230 வோல்ட்டை, கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். முதலில் 12 வோல்ட்டாக மாற்றுகிறது. கார்டின் மேலேயே உள்ள சிறு மின்சுற்று அதை மேலும் இறக்கி, சிப்புக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டாகக் கொடுக்கிறது. கடைசியாகச் சிப்பைச் சென்றடையும் அந்த ஒரு வோல்ட்டில் பத்துப் பதினைந்து சதவீதத்தைக் குறைப்பது மட்டுமே இங்கே பேச்சு. ஸ்டெபிலைசருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இவ்வளவு சிறிய குறைப்பால் என்ன கிடைத்துவிடும் என்று தோன்றலாம். சிப் செலவழிக்கும் மின்திறனின் பெரும்பகுதி, அது ஓடும் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடிக் குறைகிறது. 1.05 வோல்ட்டை 0.9 வோல்ட்டாக்கினால், வேகத்தைத் தொடாமலேயே அந்தப் பகுதியில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். அப்படியானால் தயாரிப்பாளரே குறைத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரே மாதிரியில் வரும் சிப்புகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே நன்றாக ஓடும், இன்னொன்றுக்குக் கூடுதலாக வேண்டும். எல்லாக் கார்டுகளும் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, சுமாரான சிப்புக்கும் போதுமான அளவை, அதற்கு மேல் கொஞ்சம் முன்னெச்சரிக்கையும் சேர்த்து, ஆலையில் வைத்து அனுப்புகிறார்கள். நம் கைக்கு வந்த சிப் நல்ல சிப்பாக இருந்தால் அந்த அதிகப்படி முழுவதும் வெறும் வெப்பமாகவே போகிறது.

நான் மேலே சொன்ன ஸ்டுடியோவில் 0.9 வோல்ட்டில் சிப்பின் வேகம் 1,800 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தோம். முன்பு அது 1,900 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. கார்டு இழுக்கும் மின்திறன் 130 வாட்டை ஒட்டி இறங்கியது, வெப்பம் 73 டிகிரிக்கு வந்தது, அதற்கேற்ப ஃபேன்களும் தாமாகவே நிதானித்தன. நாற்பது நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. அந்த இரண்டு நிமிடத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சத்தம் குறைந்ததைத்தான் பெரிதாகச் சொன்னார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது: ஃபேனின் வேகம் பாதியானால் ஓசை சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது பொதுவான கணக்கு, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே 5 டெசிபல் அளவுக்குக் குறையும்.

வெப்பமும் சத்தமும் எல்லா ஊரிலும் உள்ளவை. உப்புக்காற்று எங்களுடைய தனிப் பிரச்சினை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அது எப்படி அரித்தது என்பது தெரியாதவர்கள் இங்கே இல்லை. அதே காற்றைத்தான் கார்டின் ஃபேன்கள் இழுத்து, சிப்பின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் மேல் அடிக்கின்றன. மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து வரும் கார்டுகளைப் பிரித்தால் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடியும், செம்புக் குழாய்களில் பச்சைக் களிம்பும், இடையில் ஈரத்தில் ஊறிப் பிசுபிசுத்த தூசிப் படலமும் இருக்கும். ஃபேனைக் கையால் சுற்றினால் கரகரவென்று நின்று நின்று சுற்றும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மணலும் உப்பும் உள்ளே வருகின்றன, மூடினால் அறை புழுங்குகிறது. இந்த நிலையில் கூடுதல் ஃபேன் மாட்டுவது இன்னும் அதிகமாக உப்புக்காற்றை இழுத்து உள்ளே விடுவதில்தான் முடிகிறது. வெப்பம் பிறக்கிற இடத்திலேயே அதைக் குறைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் உள்ளே வரும் காற்றும் குறையும், அதன் தேய்மானமும் குறையும். கடலோரத்தில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செய்முறை கடினமானதல்ல. என்விடியா கார்டு என்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். அதைத் திறந்து கண்ட்ரோல், எஃப் என்ற இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எந்த மின்னழுத்தத்தில் எந்த வேகம் என்று காட்டும் வளைகோடு ஒன்று வரும். முதல் முயற்சிக்கு 950 மில்லிவோல்ட் (அதாவது 0.95 வோல்ட்) புள்ளியைப் பிடித்து, கார்டு வழக்கமாக ஓடும் வேகத்துக்கோ அதைவிடச் சற்றுக் கீழேயோ வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எதுவும் அந்த வேகத்தைத் தாண்டாதபடி கோட்டைச் சமமாக்கிச் சேமிக்க வேண்டும். பிறகு 25 மில்லிவோல்ட் வீதம் படிப்படியாக இறக்கலாம். ஏஎம்டி கார்டு உள்ளவர்களுக்கு அந்த நிறுவனத்தின் அட்ரினலின் மென்பொருளிலேயே இதற்கான வசதி இருக்கிறது. பல மாதிரிகளில் ஒரே சொடுக்கில் தானாகக் குறைத்துக்கொள்ளும் பொத்தானும் உண்டு. வளைகோட்டைத் தொடவே தயங்குகிறவர்கள் கார்டு இழுக்கும் மின்திறனுக்கு உச்சவரம்பு வைக்கும் பவர் லிமிட் என்ற அளவை 80 சதவீதத்துக்கு இறக்கி வைத்தாலும் ஓரளவு பலன் கிடைக்கும், வேகம்தான் கொஞ்சம் கூடுதலாகக் குறையும்.

ஒவ்வொரு படியிலும் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. சோதனைக்கென்று இருக்கும் மென்பொருள்களைவிட, தினமும் செய்கிற வேலையையே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து. அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது மென்பொருள் நின்றுபோகும், அல்லது வெளிவந்த வீடியோவில் நிறநிறமாகப் பொட்டுகள் தெரியும். கார்டு எரிந்துபோகாது, இரண்டு படி மேலே ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். சேமிக்காத வேலை மட்டும் போய்விடும் என்பதால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் இதில் இறங்க வேண்டாம். விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அளவு அமலுக்கு வரும்படி செய்யும் பொத்தானைச் சில நாள் நன்றாக ஓடிய பிறகே அழுத்த வேண்டும். கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இதற்கு அது தேவையே இல்லை.

தூசி அடைத்த கார்டுக்கும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன கார்டுக்கும் இது மருந்தாகாது. முதலில் சுத்தம் செய்தாக வேண்டும். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும்.

மின்கட்டணத்தில் கிடைக்கும் லாபத்தை மிகைப்படுத்த விரும்பவில்லை. 40 வாட் மிச்சம் என்றால், தினம் எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு மாதத்தில் 19 யூனிட் வரும், அவ்வளவுதான். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது யு.பி.எஸ். இங்கே பெரும்பாலோர் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்கக்கூடியது 360 வாட் வரைதான். கார்டு, பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணினி, மின்சாரம் போன நொடியிலேயே அணைந்துவிடுகிறது. 40 வாட் குறைந்தால் வேலையைச் சேமித்து முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கிறது.

இதைச் செய்ய வேண்டிய பொறுப்பு வாங்குகிறவர் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்திலும் இராமேஸ்வரத்திலும் கணினி பூட்டித் தரும் கடைக்காரர்கள் ஒப்படைப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் செலவிட்டு இந்த அளவைக் கண்டுபிடித்து வைத்துக் கொடுக்கலாம். மாவட்டத்தின் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் வன்பொருள் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ஒரு செய்முறை வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். விண்டோஸை மறுபடி போடும்போது இந்த அளவுகள் அழிந்துவிடும் என்பதால், எத்தனை மில்லிவோல்ட், எத்தனை மெகாஹெர்ட்ஸ், சோதித்த தேதி என்ன என்று ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள் என்று என் சக தொழிலாளர்களைத் தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.