கரும்புப் பக்கத்து பஸ் ஸ்டாப்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தினர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸில் உள்ள நம் கோவிலின் வாசலில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்ட பஸ் ஸ்டாப் வேலை முடிந்துவிட்டது. பொதுக்கூட்டத்தில் நீங்கள் கேட்டது ஒன்று, நாங்கள் செய்து முடித்தது வேறொன்று. ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதனால் அறிக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது கோவில் பக்கத்தில் ஒரு நிழற்குடை. காலையில் ரிவியேர் தேசாங்கில் ஊர் வழியாக க்யூர்பிப் நகருக்குப் போகிற பஸ்ஸுக்குப் பிள்ளைகள் மழையில் நனைந்தபடி நிற்கிறார்கள். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஆறரை தாண்டித்தான் விடிகிறது, குளிரும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட் தூண், மேலே சின்னதாக ஒரு கோபுரம், மூன்று பக்கம் சுவர், சுவரில் உபயதாரர் பெயர். வரைபடம்கூட கையில் இருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது.

அதைப் புரட்டிப் பார்த்த ஓர் அங்கத்தினர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “காலையில எந்தப் பிள்ளை ரோட்டைத் தாண்டுது?”

யாரும் தாண்டுவதில்லை. ஊரும் கோவிலும் ஒரே பக்கம். காலை பஸ் நம் பக்கமே வந்து நிற்கிறது. சாயங்காலம் திரும்பி வரும் பஸ்தான் எதிர்ப்பக்கம், கரும்புத் தோட்டத்தை ஒட்டி இறக்கிவிடுகிறது. காலையில் அம்மாவோ தாத்தாவோ கூட வந்து நிற்பதால் காலையில் நடப்பது நம் கண்ணில் பட்டது. மூன்று மணிக்கு அங்கே பெரியவர் ஒருவரும் இருப்பதில்லை. போன வருஷம் ஏழாம் கிரேடு பிள்ளை ஒருத்தியின் புத்தகப் பையை ஒரு வேன் கண்ணாடி தட்டிவிட்டுப் போனதும் மூன்று மணிக்குத்தான். பைக்கு வந்தது பையோடு போயிற்று. ஆனால் அதற்குப் பதிலாக நாம் காலைக்குக் கூரை போடத் தீர்மானம் போட்டிருந்தோம்! இதில் குழுவுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறோம்.

சரி, முதலில் பார்ப்போம் என்று ஒரு வாரம் இரண்டு பேராக எதிர்ப்பக்கம் போய் நின்றோம். பழைய ஸ்டாப், வளைவு முடிகிற இடத்திலேயே இருந்தது. பஸ் நிற்கிறது. பின்னால் வளைவில் திரும்பி வருகிறவனுக்குத் திடீரென்று பஸ்ஸின் முதுகு தெரிகிறது. அவன் பிரேக் போடுவதற்குப் பதில் வலப்பக்கம் ஒடித்து முந்துகிறான். அதே நேரம் இறங்கிய பிள்ளை பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறது. அவனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு அவன் தெரியாது.

இதில் கரும்புக்கும் பங்கு உண்டு. டிசம்பரில், வெட்டு முடிந்த பிறகு, அந்த வளைவு திறந்த வெளி. நம் உறுப்பினர் சிலர் “அங்கே என்ன ஆபத்து, எல்லாம் தெரிகிறதே” என்று சொன்னது அந்தக் காலத்தைப் பார்த்துத்தான். மே மாதம் போய்ப் பாருங்கள், கரும்பு இரண்டு ஆள் உயரம். பஸ் நிற்கும் இடம் தெரிய ஆரம்பித்து அங்கே போய்ச் சேர நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரம்தான், கிட்டத்தட்ட 30 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. ஓட்டுகிறவர் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை வினாடி என்றாலும் 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நிற்க மேலும் 20 மீட்டராவது வேண்டும், மழை என்றால் இன்னும் அதிகம். 45 தேவைப்படும் இடத்தில் 30 இருந்தது. அப்புறம் ஜூனில் வெட்டு தொடங்கினால் லா பராக் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரிகளும் சேர்ந்துகொள்ளும். பாரம் ஏற்றிய லாரிக்கு இந்தக் கணக்கு போதாது.

ஆகவே திருப்பணி என்பது கூரை போடுவதிலிருந்து ஸ்டாப்பை நகர்த்துவதாக மாறியது. அதற்கு அனுமதி வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்: முதலில் போன அலுவலகத்தில் எங்கள் கடிதம் இரண்டு முறை காணாமல் போயிற்று. மூன்றாவது முறை நகல் எடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். பிறகு வந்து பார்த்த பொறியாளர் நல்ல மனிதர், வளைவில் அவரே நின்று பார்த்தார், மேற்கொண்டு ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

கரும்புப் பக்கத்து ஸ்டாப் இப்போது வளைவைத் தாண்டி, நேரான சாலையில், பழைய இடத்திலிருந்து 80 அடி எடுத்து வைக்கும் தூரத்தில் இருக்கிறது. கோவில் பக்கத்து ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ரோட்டைக் கடக்க வரிக்கோட்டுக் கடவை (ஸீப்ரா கிராசிங்). இந்த அமைப்பை ஓய்வு பெற்ற அந்த டிரைவர்தான் தீப்பெட்டியை வைத்து மேசையில் காட்டினார்: இரண்டு பஸ்ஸும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும், பிள்ளைகள் எந்தப் பக்கம் இறங்கினாலும் பஸ்ஸின் பின்பக்கமாகத் திரும்பி நடந்து, முதுகுகளுக்கு நடுவே கடப்பார்கள். பஸ்ஸின் முன்னால் போக அவசியமே வராது. கடவையும் பஸ்ஸின் வாலை ஒட்டி இல்லை, சில அடி தள்ளியிருக்கிறது. ஒட்டியிருந்தால் நிற்கும் பஸ்ஸே எதிர்ப்பக்கத்து வண்டியை மறைத்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பின்னோக்கி நடப்பது பிடிக்காது. வீடு முன்னால் தெரியும்போது யார்தான் பின்னால் நடப்பார்கள்? அதனால் ஸ்டாப்பின் முன்பக்கம் ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி வைத்தோம், திறப்பு கடவைப் பக்கம் மட்டும். முதல் வாரம் நான்கு பையன்கள் தாண்டிக் குதித்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இங்கே எழுதவில்லை, வீட்டாருக்குத் தெரியும்.

வந்த பணத்தில் பாதிக்கு மேல் தரைக்குக் கீழே போயிற்று. இதைக் கேட்டால் சிலருக்கு மனக்குறை வரும், தெரியும். புது இடத்தில் சாலையோரம் ஒரு திறந்த வாய்க்கால், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம். சேற்றில் யாரும் நிற்க மாட்டார்கள், தார் மேல் ஏறி நிற்பார்கள். பிள்ளைகளை ரோட்டுக்குத் தள்ளுவது பல இடங்களில் இந்தத் தேங்கிய தண்ணீர்தான். வாய்க்காலை ஆழப்படுத்தி, கான்கிரீட் மூடி போட்டு, அதன் மேல் மேடை எழுப்பி, சாலை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் கோடும் போட்டாயிற்று. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் பிப்ரவரியில் கொட்டிய மழையில் ஒரு பிள்ளைகூடத் தாரில் நிற்கவில்லை.

கரும்புப் பக்கத்து ஸ்டாப்பில் கூரையும் உண்டு. கோபுரம் இல்லை, பக்கச் சுவரும் இல்லை. நாகப்பூச்சுள்ள இரும்புத் தூண், தகரக் கூரை, போல்ட் போட்டு இறுக்கியது. சுவர் இருந்தால் காற்றுக்குத் தடுப்பு, ஆனால் உள்ளே நிற்கும் பிள்ளையை டிரைவர் பார்க்க முடியாது, பிள்ளைக்கும் வருகிற வண்டி தெரியாது. நவம்பர் முதல் மே வரை புயல் காலம் என்பதால் கூரைத் தகடு ஒவ்வொன்றும் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது. மேலே சூரிய விளக்கு ஒன்று.

இனி கோவில் மதில் விஷயம். சந்திலிருந்து காலையில் ஓடி வரும் பிள்ளைகளை நம் மதிலின் மூலையே மறைத்துக்கொண்டிருந்தது. மூலையை இடிக்கலாம் என்றபோது அது ஈசானிய மூலை, கை வைக்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. இரண்டு கூட்டம் இதிலேயே போயிற்று. கடைசியில் குருக்கள்தான் வழி சொன்னார்: மூலை மூலையாகவே இருக்கட்டும், உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு உயரத்துக்கு இறக்கி, மேலே கம்பிச் சட்டம் வைத்தோம். தைப்பூசக் காவடிக்குக் கட்டும் பெரிய பேனரை இனி அந்தச் சட்டத்தில் கட்ட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

அறிவிப்புப் பலகையில் எந்த மொழி என்றும் ஒரு பேச்சு வந்தது. தமிழில் எழுதினால் எத்தனை பிள்ளை படிக்கும் என்றார்கள். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிற நாட்டில் நம் வாசலில் இல்லாமல் போவதா என்றார்கள் மற்றவர்கள். கிரியோலில் பெரிதாக, தமிழில் கீழே: “பஸ் போகட்டும், பிறகு கட.” சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள்தான் எழுதினார்கள், ‘ற’வும் ‘ட’வும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அப்படியே விட்டுவிட்டோம்.

பிறந்த நாட்டை விட்டு வெளியே இருக்கும் நம் உறவினர் சிலர், அமெரிக்காவில் மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்றால் மற்ற வண்டிகளும் நின்றே ஆக வேண்டும், இங்கேயும் கேளுங்கள் என்று எழுதினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பிள்ளைகள் போவது எல்லோரும் ஏறுகிற பொது பஸ்ஸில். 2005 முதல் மாணவர்களுக்குக் கட்டணமில்லை என்பதால் கூட்டமும் அதில்தான். அந்த பஸ் நின்றதற்காக எந்த வண்டியும் நிற்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டுதான் நாம் வேலை செய்ய வேண்டியிருந்தது.

முடியாமல் நிற்பவை: வேகத்தடை கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. வளைவின் உள்பக்கம் சில வரிசைக் கரும்பு நடாமல் விடுவதாகத் தோட்டத்தார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் வாங்க வேண்டும். கோவில் பக்கத்துக்கு இன்னும் கூரை இல்லை. காலையில் நனைகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், அடுத்த வசூல் அதற்குத்தான்.

வரவு செலவுத் தாள் ரசீதுகளோடு கோவில் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். உபயதாரர் பெயர்ப் பலகையை ஸ்டாப்பில் வைத்தால் கண்ணை மறைக்கும் என்று மண்டபத்துக்குள் வைத்திருக்கிறோம். மீந்த மூன்று மூட்டை சிமென்டில் ஒன்று இறுகிவிட்டது.

மூன்று மணிக்குக் கடவையில் கொடி பிடித்து நிற்க ஆள் வைத்திருக்கிறோம். திங்கள், புதன், வெள்ளிக்குப் பெயர் வந்துவிட்டது. செவ்வாயும் வியாழனும் காலியாக இருக்கின்றன. நோட்டு அலுவலக மேசையில், பேனாவோடு கட்டித் தொங்குகிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக, செயலாளர்