உன் பாலிசி தப்பித்தது

டேய் செல்வம்,

உன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் மொத்தமாக நேரில் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நானும் கலாவும் ஒரு நிதி ஆலோசகரைப் பார்த்தோம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்தவர், கமிஷன் வாங்குவதில்லை, பீஸ் மட்டும்: 25,000 ரூபாய். "காசைப் பற்றிப் பேசவே காசா" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. 2009-ல் நீ என் தலையில் கட்டிய, காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமெண்ட் பாலிசிக்கு நான் பீஸ் எதுவும் கொடுக்கவில்லைதான். ஆனால் வருடம் 48,000 பிரீமியத்தில் உனக்கு எவ்வளவு வந்தது என்று நீ வாயே திறக்கவில்லை, அந்த மாதம் நம் மூவருக்கும் மட்டன் பிரியாணி வாங்கித் தந்ததோடு சரி.

எந்த மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். மனுஷர் முதலில் மாதச் செலவைக் கேட்டார். நான் கெத்தாக "நாற்பதாயிரம்" என்றேன். கலா கைப்பையிலிருந்து அந்தப் பால் கணக்கு நோட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு மூன்று பக்கம் புரட்டி, "அறுபத்தோராயிரம் சார்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அதைத்தான் எழுதிக்கொண்டார். ஆறு மாதச் செலவு 3,66,000 முதலில் தனியாக எஃப்டியில் கிடக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றார்.

அடுத்து ரிஸ்க் கேள்வித்தாள். பத்து லட்சம் ஒரே மாதத்தில் ஏழு லட்சமானால் என்ன செய்வீர்கள்? "இன்னும் வாங்குவேன்" என்று டிக் அடித்தேன். "2020 மார்ச்சில் என்ன பண்ணீங்க?" என்றாள் கலா. 12,000-க்கு மேல் இருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி 7,600-க்கு விழுந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக, மாதாமாதம் ஃபண்டுக்குப் போகும் எல்லா எஸ்ஐபியையும் நிறுத்தியவன்தானே நான், உனக்கும் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன், நீதான் கேட்கவில்லை. மறுபடி ஆரம்பிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது, அதற்குள் நிஃப்டி 17,000-ஐத் தாண்டிவிட்டது. அவர் பேசாமல் பேனாவை எடுத்து, நான் கேட்ட 70 சதவீதப் பங்கு முதலீட்டை 50 ஆக்கினார். கோபம் வந்தது, ஆனால் என்ன சொல்ல?

என்னிடம் இருந்த 11 ஃபண்டில் எதைத் திறந்தாலும் பங்குப் பட்டியலின் மேலே அதே எச்டிஎஃப்சி வங்கி, அதே ஐசிஐசிஐ. மூன்று போதும், அதுவும் ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் வரும் லாபத்துக்கு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, மேலே போனால் 12.5 சதவீதம் என்பதால் வேண்டாத ஃபண்டுகளில் பாதியை மார்ச்சுக்குள், மீதியை ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்போகிறேன்.

உன் பாலிசியையும் கணக்குப் போட்டார். இருபது வருடம் கட்டும் 9.6 லட்சத்துக்கு சுமார் 17 லட்சம் வரும். நீ சொன்ன "டபுள்" கூட இல்லை, வருடத்துக்கு ஐந்து சதவீதச் சொச்சம். முடியப்போகிற பாலிசி, ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

இனி விளையாட்டில்லை. விருப்ப ஓய்வில் (விஆர்எஸ்) வந்த பணம் மொத்தத்தையும் ஒரு சதவீத வட்டி அதிகம் கிடைக்கிறதென்று அந்தக் கூட்டுறவு வங்கியிலேயே போட்டிருப்பதாகப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வங்கி மூழ்கினால் இன்ஷூரன்ஸ் 5 லட்சத்துக்குத்தான், அதுவும் வட்டியையும் சேர்த்து. 55 தாண்டி விஆர்எஸ் வாங்கியவர்கள் போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். ஆனால் 60 ஆகாதவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். உனக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறதல்லவா? முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு வட்டி பிடிப்பார்கள் என்று வங்கியில் கேட்டு வை.

சனிக்கிழமை வருகிறேன், பாஸ்புக்கை எடுத்து வை. பிரியாணி இந்தத் தடவை என் செலவு, கலாவிடம் சொல்லி நோட்டில் எழுதியாகிவிட்டது.

உன்,
ராமு