பாலாவுக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்பின் பாலா,

காலபோக வெட்டு முடிஞ்சுது. இரணைமடுவிலை தண்ணி நிக்கிறபடியால் சிறுபோகமும் விதைக்கலாம் எண்டு கதை. மற்ற ஊர்ப்புதினம் பிறகு. உன்ரை மகளின்ரை விஷயம்தான் முக்கியம்.

கலியாணம் இப்பதானே முடிஞ்சது, பிள்ளைக்கு என்ன அவசரம் எண்டு எழுதியிருக்கிறாய். அவசரம் பிள்ளைக்கில்லை மச்சான், போலிக் அமிலம் எண்ட விற்றமின் குளிசைக்கு. கரு உண்டாகி மூண்டாம் கிழமையிலை முதுகுப்பக்கம் ஒரு தகடு தடிக்கும். பாய் சுருளுற மாதிரி இரண்டு கரையும் எழும்பிப் பொருந்தினால் நரம்புக்குழாய்; மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் அதிலையிருந்துதான் வரும். (படிப்பிச்ச காலத்திலை கரும்பலகையிலை நான் ஆசைப்பட்டுக் கீறுற படம் இது.) கழுத்தடியிலை தொடங்கின பொருத்து மேலும் கீழும் ஓடும். தலைமுனை 25ஆம் நாளளவிலை மூடும், வால்முனை 28ஆம் நாளளவிலை. மாதவிடாய் தள்ளிப்போச்சு, சோதிச்சுப் பாப்பம் எண்டு பெட்டை யோசிக்கேக்கையே வேலை முடியப்போகுது. அதுக்குப் பிறகு குளிசை குடிச்சு இந்தக் குழாயை மூடேலாது.

மேல்முனை மூடாவிட்டால் மூளையின்ரை பெரும்பகுதியும் மண்டையோட்டின்ரை மேற்பக்கமும் உருவாகாது. அந்தப் பிள்ளை தங்காது. கீழே திறந்திருந்தால் முள்ளந்தண்டுப் பிளவு. முழங்காவில் பக்கம் எங்கட சொந்தத்திலை ஒரு பொடியன் அப்பிடி. முதுகிலை ஒப்பரேசன் செய்தும் கால் இழுவைதான், சலம் போறதும் தெரியாது. கெட்டிக்காரன், கணக்கிலை புலி. கிரகணத்திலை வெளியாலை போனவள் எண்டு தாயைத்தான் சனம் இண்டைக்கும் குத்திக் கதைக்குது. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இஞ்சை புதுசாக் கலியாணம் முடிச்ச வீடுகளிலை குடும்பநல மாது பதிஞ்சு, கரு தங்க முன்னமே போலிக் அமிலம் குடிக்கச் சொல்லுவா. நீங்கள் இருக்கிற கனடாவிலை 1998இலை இருந்து வெள்ளைமாவிலேயே அதைக் கட்டாயம் கலக்கினம். பிறகு இந்தக் குறைபாடுகள் கிட்டத்தட்ட அரைவாசியாக் குறைஞ்சுது. ஆனால் பாணை மட்டும் நம்பியிருக்கேலாது. சாதாரணமா ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், கருத்தங்க ஒரு மாசமாவது முன்னம் தொடங்கி முதல் மூண்டு மாசம் வரைக்கும்.

உன்ரை பிள்ளைக்கு அந்த அளவு போதாமல் இருக்கலாம். பள்ளிக்கூடக் காலத்திலை இருந்து வலிப்புக் குளிசை குடிக்கிறாளெல்லே? அது வல்புரோயேட் எண்டால், முள்ளந்தண்டுப் பிளவு வாற வாய்ப்பைக் கூட்டுற மருந்து. தானா நிப்பாட்டக்கூடாது, வலிப்பு வந்தால் அது வேறை ஆபத்து. கரு தங்க முன்னமே டொக்டரிட்டைப் போகட்டும்; மருந்தை மாத்துறதோ, போலிக் அமிலத்தைக் கூட்டுறதோ அவையின்ரை முடிவு.

இதைச் சொல்ல நீ கூச்சப்படுவாய், எனக்குத் தெரியும். மனிசியைக் கொண்டு சொல்லுவி. குளிசைப் பெட்டியிலை இருக்கிற பேரைப் பாத்து எனக்கும் எழுது.

உன்ரை,
குணம்