குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிணற்று நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்னும் நச்சை நீக்கக் கடந்த பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி முடிந்தது. புதிய வடிகலன் வழியாக வீடுகளுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கடைசியாக எடுத்த மூன்று மாதிரிகளிலும் ஆர்சனிக் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கிறது. இத்தோடு வரவு செலவுக் கணக்கை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம்தான். ஆனால் நடுவில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. அதை மூடி மறைத்து நிறைவு அறிக்கை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

பணியைத் தொடங்கவே தாமதமானதற்குக் காரணம் எளிது. தண்ணீரில் மணமில்லை, சுவை கெடவில்லை, இறைத்த உடனே பார்த்தால் கண்ணாடிபோல் இருந்தது. வெள்ளைப் பாஷாணம் என்று பெயர் சொன்னால் பதறுகிறோம். அதே ஆர்சனிக் தண்ணீரில் கரைந்து வந்தால் அடையாளமே தெரிவதில்லை. கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமே என்று கூட்டத்தில் பலர் கேட்டார்கள். போதாது. கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆர்சனிக் பாத்திரத்திலேயே தங்கி, மிஞ்சிய நீரில் இன்னும் செறிவாகும்.

"இத்தனை வருடமாகக் குடிக்கிறோமே, என்ன ஆகிவிட்டது?" என்று கேட்ட மூத்த உறுப்பினருக்குக் கூட்டத்திலேயே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இப்போது சொல்கிறோம். சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா நகரம் 1958-இல் மலையாற்று நீரைக் குடிக்கத் தொடங்கியது. அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மரணங்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே மிகுதியாகவே இருந்தன. குடித்த காலம் முடிந்த பிறகும் நோய் வருகிறது. மார்பில் மழைத்துளி தெளித்தாற்போன்ற புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்த்துப்போன தடிப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். அவை இல்லாததால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இதய நோயும் இதனால் கூடுகிறது. பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது.

முதல் வேலையாக எல்லாக் கிணறுகளையும் சோதனைப் பெட்டி கொண்டு பார்த்தோம். புட்டியில் தண்ணீர் எடுத்து, அமிலமும் துத்தநாகத் தூளும் போட்டு, மூடிக்குள் சிறு வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். ஆர்சனிக் இருந்தால் அந்தத் தாள் நிறம் மாறும். எழும் வாயு நச்சு என்பதால் திறந்த வெளியில்தான் செய்தோம். நீர் நுரைத்துப் பொங்கியது. காத்திருந்து மூடியைத் திறந்தபோது, நாம் அன்றாடம் குடிக்கும் பெரிய கிணற்றின் தாள் வெளிர் மஞ்சளைக் கடந்து பழுப்பேறியிருந்தது. கல்லெறி தூரத்தில் இருக்கும் சிறிய கிணற்றின் தாளோ வெளுப்பாகவே இருந்தது. ஒரு கிணறு நன்றாயிருப்பதால் அடுத்ததும் நன்றாயிருக்கும் என்று சொல்ல முடியாது. மண்ணடியில் காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் இரும்புத் துருவைக் கரைக்கும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. இது நடக்கும் அளவு அடிக்கு அடி மாறும். சிறிய கிணற்றின் ஊற்று எல்லோருக்கும் போதாது, அதனால்தான் வடிகலன்.

இனி அந்தச் சறுக்கல். வடிகலனை ஓட்டிய முதல் நாள், வாளிகளில் படியும் செந்துரு மாயமானதைக் கண்டு எல்லோரும் கைதட்டினோம். ஆய்வக முடிவு வந்தபோது ஆர்சனிக் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. நிலத்தடி நீரில் ஆர்சனிக் இரு வடிவங்களில் இருக்கிறது. காற்றில்லாத ஆழத்திலிருந்து வருவது பெரும்பாலும் மின்னேற்றமற்ற வடிவம். வடிகலன் ஆர்சனிக்கை இரும்புத் துருவில் ஒட்டவைத்துத்தான் பிடிக்கிறது. இந்த வடிவமோ அதில் சரியாக ஒட்டாது. குளோரின் கலந்து மற்ற வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் பிடிபடும். தண்ணீரைக் காற்றில் தெறிக்கவிட்டாலே போதும் என்று ஒப்பந்ததாரர் சொன்னதை நம்பினோம். இரும்புக்கு அது போதும், ஆர்சனிக்குக்குப் போதாது. எந்த வடிவம் என்று முன்பே சோதிக்கச் சொல்லாதது எங்கள் பிழை. குளோரின் கலக்கும் கருவி பொருத்தும்வரை நீங்கள் சிறிய கிணற்றில் வரிசையில் நிற்க நேர்ந்தது இதனால்தான். கூடுதல் செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. வேறு இனத்தில் ஒளித்து வைக்கவில்லை.

வரம்பு பற்றியும் குழுவில் நீண்ட வாதம் நடந்தது. 50 மைக்ரோகிராம் போதும், செலவு குறையும் என்றார்கள் சிலர். உலக சுகாதார நிறுவனமே ஒரு காலத்தில் 50 என்றுதான் வைத்திருந்தது. 1993-இல் 10 ஆக்கியது. நாங்கள் 10-ஐ எடுத்துக்கொண்டோம்.

பெரிய கிணற்றின் நேரடிக் குழாய்க்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறோம். வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, வரம்பு மீறியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அதைப் பார்த்துச் செய்ததுதான். அந்தக் குழாய் நீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். தோல் வழியாக ஆர்சனிக் உடம்புக்குள் அவ்வளவாகப் போவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் கூடாது. சாயம் காய்வதற்குள்ளேயே ஒரு சிறுவன் அதன் அடியில் தன் பாட்டிலை நீட்டியதைப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி வையுங்கள்.

வடிகலனில் சேரும் பழுப்புச் சேற்றை எருவாகக் கேட்டார் ஓர் அன்பர். தர இயலாது. நாம் பிடித்த ஆர்சனிக் அதில் இருக்கிறது. மூடிய பீப்பாய்களில் சேர்த்து, உரிமம் பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறோம்.

வடிகலனுக்குள் ஆர்சனிக்கைப் பிடித்துவைக்கும் வடிபொருளின் திறன் ஒரு நாள் தீர்ந்துபோகும். நீரில் உள்ள பாஸ்பேட்டும் சிலிக்காவும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அது எதிர்பார்த்ததற்கு முன்பேகூட வரலாம். அப்போதும் தண்ணீர் இதேபோல் தெளிவாகத்தான் இருக்கும். ஆகவே மாதந்தோறும் மாதிரி எடுத்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மாதிரி எடுக்கும்போது குழுவைச் சேராத இருவர் உடன் நிற்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
குடிநீர்த் திருப்பணிக் குழுவினர்