அடுக்களை இல்லாத மார்கழி

பாளையங்கோட்டை,
மார்கழி 25.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் ஊர் வந்து சேருவதற்கு முன்னாலேயே உன் கடிதம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதினி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். மூட்டுவலி மட்டுப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுவே போதும். பிசான நெல்லுக்கு அம்பைப் பக்கம் தண்ணீர் தட்டில்லாமல் வருவதும் நல்ல சேதி. உன் பேத்திக்கு அரையாண்டில் கணக்கு குறைந்துவிட்டது என்று அவளைப் போட்டுப் படுத்தாதே. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிப் பத்தாம் வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்!

இனி நீ கேட்டதுக்கு வருகிறேன். "மார்கழி மாசம் கோலத்தை விட்டுட்டுக் கப்பலிலா போய் உட்கார்ந்திருந்தே, அதுவும் சுனாமி வந்த அதே வாரத்திலே" என்று கேட்டிருக்கிறாய். உன் பயம் எனக்குத் தெரியாததா? 2004-இல் குளச்சலுக்கும் மணக்குடிக்கும் துணிமணி சேர்த்து அனுப்பினோமே, அந்த நாட்களை யார் மறப்பார்கள். ஆனால் நாங்கள் போனது நம் வங்கக் கடலின் புயல் பாதை இல்லை. சிங்கப்பூரில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்புகிற கப்பல். ஒரு பக்கம் மலேயா, மறு பக்கம் சுமத்ரா, நடுவில் ஒதுங்கின கடல். டிசம்பரின் வாடைக்காற்றைப் பெரும்பாலும் மலேயா நிலமே தடுத்துவிடுகிறது. போதாததற்குக் கப்பலின் அடிப்பக்கம் இரண்டு புறமும் துடுப்பு போலத் தகடுகள் நீட்டிக்கொண்டு ஆட்டத்தை அடக்குகின்றன. தலைசுற்றலுக்கு வாங்கின மாத்திரை பிரிக்காமலே திரும்பி வந்தது.

ஏறின அன்றே பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து என்றால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டி, ஒவ்வொருவரும் வந்ததைப் பதிந்துகொண்ட பிறகுதான் கப்பல் நகர்ந்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதை ஒட்டி 1914-இல் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின் வழியில் வந்த விதி இது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் ஒரு பயணக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்த பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள். நீ பயந்தவள், அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஏட்டி, இத்தனை வருஷம் டீச்சர் வேலை பார்த்தோமே, லீவு என்று ஒன்று நமக்கு எப்போது இருந்தது? அரையாண்டுத் தேர்வு முடிந்தால் விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், நாத்தனார் பிள்ளைகள் ஒரு பக்கம். நாலு பேருக்குப் பொங்குகிற அடுக்களையில் பதினாலு பேருக்குப் பொங்குவதுதான் நம் லீவு. குற்றாலம் போனாலும் விடிவதற்கு முன்னே எழுந்து புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டு போனது நாம்தானே. மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனாலும் மறுநாளே அடுப்பு என் கைக்கு வந்துவிடும். பேரனுக்குச் சொதி, மருமகனுக்கு உளுந்தம்பருப்புச் சோறு என்று நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். இந்தத் தடவை அங்கே ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்று மகளும் மருமகனும் கப்பலுக்கு எழுதிவைத்துவிட்டார்கள். கப்பலில் அடுப்பு என் கண்ணிலேயே படவில்லை. கேபினுக்குள் இஸ்திரிப் பெட்டி கூட வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் செய்த பலகாரத்தையும் ஏற்ற விடமாட்டார்கள். பை நிறைய முறுக்கு சுட்டு வைத்திருந்தேன், அது மகள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

முதல் நாள் பழக்க தோஷத்தில் அஞ்சு மணிக்கு முழிப்பு வந்தது. தெளிக்க வாசல் இல்லை, பால்காரர் வரப்போவதில்லை. என் பேத்தி சுருண்டு தூங்குகிறாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு லிஃப்டில் மேல்தளத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் ஏழு மணிக்குத்தான் வெளுக்கும், அதனால் நல்ல இருட்டு. கடல் முழுக்க விளக்கு! சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் ஒன்றன் பின் ஒன்றாக, ரதவீதியில் தேருக்குப் பின்னால் ஜனம் நகர்கிற மாதிரி நகர்கின்றன. உலகத்திலேயே நெரிசலான கடல்வழிகளில் அது ஒன்று என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் ஒரு பையன் வாளித் தண்ணீரில் துணியை முக்கி, கைப்பிடிக் கம்பியில் படிந்த உப்பை ஒரு முழம் ஒரு முழமாகத் துடைத்துக்கொண்டே வந்தான். நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் பெயின்டை உப்பு தின்றுவிடும் என்றான். அத்தனை பேர் குளிக்கவும் குடிக்கவும் வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியைக் கப்பலுக்குள்ளேயே கடல்நீரிலிருந்து பிரித்துவிடுகிறார்களாம்.

காலைச் சாப்பாட்டுக்குப் போனால் இந்தியப் பலகாரத்துக்குத் தனி மேஜை, இட்லி சாம்பார் உட்பட. சாம்பாரில் காரம் பத்தாது, பெருங்காயம் மணக்கவில்லை. அது கிடக்கட்டும். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், பாப்பா. யாருக்கு என்ன வேண்டும் என்று எழுந்து ஓடாமல், ஆறிப்போனதைக் கடைசியில் அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், சூடாக, கடைசி விள்ளல் வரைக்கும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஒரு பெண் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயசில்தான் அது கிடைக்க வேண்டியிருந்தது என்று மகளிடம் சொன்னேன். அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பினாங்கு பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும். எங்கள் தாத்தா கடை கணக்குப்பிள்ளையாகப் போய் இருந்த ஊர் அல்லவா! அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறித்தான் போவார்கள். 1926-இல் கட்டின கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் தொடக்கம் வரை நம் ஜனத்தைச் சுமந்தது. கேபின் எல்லாம் காசுள்ளவர்களுக்கு. தாத்தா தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்து, மழைக்கும் வெயிலுக்கும் அங்கேயே கிடந்து போனவர். போய்ச் சேர்ந்தாலும் உடனே ஊருக்குள் விட்டுவிடமாட்டார்களாம். நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜாக் என்ற தீவில் தனியாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆச்சி சாகிற வரைக்கும் "பினாங்கு" என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் அங்கே இருந்த வருஷங்களில் அவள் இங்கே தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தாள்.

கப்பல் அணைகிற துறையிலிருந்து பொடிநடையாகவே பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குள் போய்விடலாம். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் கட்டினது. உள்ளே போனதும் கற்பூரமும் மல்லிகையும் நம் ஊர் வாசனைதான். கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பினது. சூலியா தெரு என்று ஒரு தெருவே அவர்கள் பெயரில் இருக்கிறது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் போனவர்களின் வம்சம் அங்கே இன்றைக்கும் உண்டு. ஒரு நாசி கண்டார் கடையில், காவடி போலத் தோளில் கூடை கட்டிச் சோறு விற்றவர்கள் வழி வந்த கடை அது, கல்லாவில் இருந்த பெரியவர் நான் பேசினதைக் கேட்டுவிட்டு, "அக்கா திருநெல்வேலியா?" என்றார். அவருடைய வாப்பா கடையநல்லூராம். காசு வாங்க மறுத்துவிட்டார். மருமகன்தான் வற்புறுத்திக் கொடுத்தார். தாத்தா எந்தக் கடையில் கணக்கு எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெருக்களில் ஒவ்வொரு பழைய கடைக்கு முன்னாலும் நின்று நின்று பார்த்தேன். ஆச்சிக்காகவும் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தேன்.

புக்கெட்டில் நான் இறங்கவில்லை. எல்லாரும் இறங்கிப் போனபிறகு நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினேன். பாட்டு, நடனம், சூதாட்டக்கூடம் என்று கப்பலில் என்னென்னவோ இருக்கிறது. அதெல்லாம் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை மேஜையாகப் பரிமாறின தம்பி ஒருவன் தமிழில் பேசினான். விசாரித்தால் மணப்பாடு! மாசக்கணக்கில் ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வர முடியாது. ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. இருந்தாலும் விடிகாலையிலும் ராத்திரியிலும் அவனை அதே கூடத்தில் நான் பார்த்தேன். "இந்நேரம் ஊரில் கோவில் மணி அடிச்சிருக்கும், அம்மா முந்திரிக்கொத்து சுட்டு வச்சிருப்பாங்க, டீச்சர்" என்றான். என்னைப் பார்த்ததுமே டீச்சர் என்று எப்படித்தான் கண்டுகொண்டானோ. நான் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன் என்று எழுதினேனே, அது இந்தப் பிள்ளைகள் நின்றதால் கிடைத்தது. அதை மறந்து என்னால் அந்தச் சுகத்தைப் பேச முடியாது. இறங்குகிற அன்று கருத்துப் படிவத்தில் அவன் பெயரையும், கம்பி துடைத்த பையன் பெயரையும், அறையைச் சுத்தம் செய்த பெண் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பயணிகள் பேரைச் சொல்லி எழுதினால் அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும் என்று அவர்களே சொன்னார்கள். நீ போனாலும் இதை விட்டுவிடாதே.

ஆமாம், நீயும் வரவேண்டும். பிள்ளைகள் வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும், வருகிற மார்கழிக்கு. உன் முட்டிக்கு இதைவிடத் தோதான பயணம் இல்லை. ஒரு தடவை பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும், ஊர்கள்தான் நம்மிடம் வரும். படி ஏற வேண்டாம், லிஃப்ட் உண்டு. ஜன்னல் இல்லாத உள்கேபின் என்றால் கட்டணம் குறைவு. நடுத்தட்டில் கேட்டு வாங்கினால் ஆட்டமும் தெரியாது. பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடு. சிங்கப்பூர் விசாவைப் பல தடவை நுழைகிற மாதிரி எடுக்க வேண்டும், கப்பல் திரும்பும்போது மறுபடியும் உள்ளே போகிறோம் அல்லவா. மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடு, கப்பல் டாக்டருக்குச் செலவு அதிகம். டிக்கெட் பணம் தவிர ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்பும் பில்லில் ஏறும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடு. விமானம் திருச்சியிலிருந்து நேராக இருக்கிறது.

இதெல்லாம் இல்லாமல் நம் தூத்துக்குடியிலேயே ஏற முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கின ஊர். 2011 ஜூனில் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது நாம் போகவேண்டும் என்று பேசி வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? அந்த வருஷம் நவம்பரிலேயே நின்றுபோனது. எனக்கு இன்றைக்கும் அது மனசு ஆறவில்லை.

தை பிறந்து பொங்கல் கழிந்ததும் மணப்பாடு போகிறேன். அந்தத் தம்பியின் அம்மாவைப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான் என்று நேரில் சொல்லிவிட்டு வரவேண்டும். அவனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ அம்பையிலிருந்து காலை ரயிலில் வந்தால் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். எந்த நாள் தோது என்று எழுது.

உன் அன்புத் தோழி