பனிப்புயல் மணிக்கூண்டைச் சீரமைக்க நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பிரான்சின் லோசேர் மாவட்டத்தில், மோன் லோசேர் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் குக்கிராமம். தேவாலயம் கிடையாது, கடை கிடையாது. மாடும் ஆடும் புல்வெளியும் சில பண்ணை வீடுகளும்தான். நடுவே கருங்கல்லில் கட்டிய மணிக்கூண்டு ஒன்று.

உச்சி 1,699 மீட்டர் உயரமுள்ள மலை இது. காற்றும் பனியும் சேர்ந்து சுழன்றடித்தால் நீட்டிய கை தெரியாது. பாதையும் பள்ளமும் ஒன்றாகிவிடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஊரார் முறைவைத்து மணி அடிப்பார்கள். வழி தவறிய மேய்ப்பரும் வழிப்போக்கரும் ஓசை வந்த திசையில் நடந்து ஊர் சேர்வார்கள். செர்வியேஸ், ஊல்தே, லா ஃபாஜ் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களிலும் இத்தகைய கூண்டுகள் உண்டு.

எங்கள் கூண்டின் நிலை மோசமாகிவிட்டது. எப்போதோ யாரோ அவசரத்துக்குக் கல்லிடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். அதுதான் வினை. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது; உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து கற்களைத் தள்ளுகிறது. மேற்குப் பக்கத்தில் ஓர் இடுக்கில் விரலையே நுழைக்கலாம். மணியைத் தாங்கும் மரச்சட்டமும் உளுத்துவிட்டதால் அடிப்பதை நிறுத்தியிருக்கிறோம். சிமென்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசி, சட்டத்தை மாற்ற வேண்டும்.

கைப்பேசிக் காலத்தில் மணி எதற்கு என்று குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உயிர் காக்க இன்று அது தேவைப்படாமல் போகலாம். ஆனால் சாவையும் தீயையும் ஊருக்குச் சொன்னதும் இதே மணி. பாட்டன்மார் கட்டியதை எங்கள் காலத்தில் சரியவிட மனம் ஒப்பவில்லை.

ஊராட்சியின் பணமோ சாலைப் பனியை அகற்றவும் குடிநீர்க் குழாய்க்குமே சரியாகப் போய்விடுகிறது.

பத்து யூரோ தந்தாலும் மகிழ்ச்சியே. பிரான்சில் வருமான வரி கட்டுவோர் ஊராட்சியின் பெயரில் 100 யூரோ கொடுத்தால் 66 யூரோ வரியில் கழியும். வரிக்குரிய வருமானத்தில் 20 விழுக்காடு வரைதான் இந்தச் சலுகை. ரசீது உண்டு. கொத்தனாரின் மதிப்பீடு ஊராட்சி அலுவலகப் பலகையில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கையும் அங்கேயே ஒட்டுவோம்.

பணம் தர இயலாதவர்கள் கல் சுமக்கவும் காரை குழைக்கவும் வரலாம். டிராக்டர் வைத்திருப்பவர் யாராவது முன்வந்தால் பெரிய உதவி. உறைபனியில் சுண்ணாம்பு இறுகாது. புல் அறுப்பு தொடங்கிவிட்டால் ஆளும் கிடைக்காது. மே, ஜூனில் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் மார்ச் இறுதிக்குள் நன்கொடையை அனுப்பிவிடுங்கள். மிஞ்சும் தொகை ஊர்ப் பொது ரொட்டி அடுப்பின் கூரைக்குப் போகும், அதுவும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
மணிக்கூண்டுச் சீரமைப்புக் குழுவினர்